களத்துமேட்டு கேள்வி பதில்: அறுப்பு மிஷினுக்குப் பின்னாடி எவ்ளோ நெல்லு போகுது?

சம்பா அறுப்பு ஆரம்பிச்சதுமே நமக்கு வர்ற கேள்வியில பாதிக்கு மேல மிஷினப் பத்தித்தான் இருக்கு. ஒரே மாதிரி கேட்டிருந்தத எல்லாம் சேத்து ஒண்ணா ஆக்கி இந்த தடவ பதில் சொல்லிடறேன். எல்லாமே டெல்டா நெல்லுக் கணக்கு, கடைசியில மட்டும் ஒரு மக்காச்சோளம்.

மிஷின் போன வயல்ல நெல்லு மஞ்சளா கொட்டிக் கெடக்கு சார். டிரைவர கேட்டா "இதெல்லாம் சகஜம், வெறும் பதருதான்"ங்கிறாரு. உண்மையில எவ்ளோ போகுது? நாமளே கண்டுபிடிக்க வழி இருக்கா?
— வாசகர், மன்னார்குடி

இருக்குங்க, ஒரு கயிறு போதும். கயித்த நாலு குச்சியில கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமா பண்ணிக்கங்க. வண்டி வயல்ல எறங்கறதுக்கு முன்னாடி, நிக்கிற பயிருக்குள்ள ரெண்டு மூணு எடத்துல அதப் போட்டு, தரையில ஏற்கனவே எவ்ளோ நெல்லு கெடக்குனு எண்ணிடுங்க. முத்திப்போயி தானா கொட்டுனது, மழையில காத்துல கொட்டுனது, எலி இழுத்துப் போட்டது எல்லாத்தையும் மிஷின் தலையில கட்டுனா அது நியாயம் இல்ல, டிரைவரும் ஒத்துக்க மாட்டாரு.

அடுத்தது, வண்டி வயல் நடுவுல ஒரே வேகத்துல போயிட்டு இருக்கும்போது நிறுத்தச் சொல்லி, ஒரு வண்டி நீளத்துக்கு பின்னாடி எடுக்கச் சொல்லுங்க. இப்ப வண்டிக்கு முன்னாடி, பயிரு அறுபட்டிருக்கும் ஆனா வைக்கோல் விழுந்திருக்காது, அப்படி ஒரு துண்டு நெலம் கெடைக்கும். அங்க சதுரத்தப் போட்டு எண்ணுங்க. அதுல கெடக்குறது ரீலும் (பயிர உள்ள சாய்ச்சுக் குடுக்க முன்னாடி சுத்துற சக்கரம்) பிளேடும் சேந்து கொட்டுனது. கடைசியா வண்டிக்குப் பின்னாடி வைக்கோல் வரிசையா விழுந்திருக்குல்ல, அந்த வரிசைக்கு மேல சதுரத்தப் போட்டு, வைக்கோல நல்லா உதறிட்டு எண்ணுங்க. நெறஞ்ச நெல்ல மட்டும் எண்ணணும், பதர விட்டுடுங்க, சந்தேகமா இருந்தா நகத்துல கிள்ளிப் பாருங்க.

இங்கதான் நெறைய பேரு ஏமாறுறது. வண்டி அறுக்கிற அகலம் 2 மீட்டர், ஆனா வைக்கோல் விழுற வரிசை சுமாரா 1 மீட்டர்தான். அப்ப 2 மீட்டர்ல இருந்து வந்த சேதாரம் 1 மீட்டருக்குள்ள குவிஞ்சு கெடக்கும், பாக்க பயங்கரமா தெரியும், ஆனா எண்ணுனத பாதியாக்கணும். ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். முன்னாடியே கெடந்தது 20 நெல்லு. அறுத்த துண்டுல 90, அதுல 20 போக 70 முன்பக்கச் சேதாரம். வைக்கோல் வரிசையில 400, அதுல 90 போக 310, அத பாதியாக்குனா 155. ஆக மொத்தம் மிஷின் கணக்குல சதுர மீட்டருக்கு 225 நெல்லு.

இத கிலோவாக்க ரகம் தெரியணும். ஆடுதுறை 37, சிஆர் 1009 மாதிரி குண்டு நெல்லுன்னா ஆயிரம் நெல்லு 23 கிராம் பக்கம் வரும், பிபிடி மாதிரி சன்னம்னா 15 கிராம் பக்கம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 225 குண்டு நெல்லுன்னா 5.2 கிராம், ஏக்கருக்கு 21 கிலோ. உங்க வயல் 60 கிலோ மூட்டையில ஏக்கருக்கு 40 மூட்டை காணும்னு வச்சா 2,400 கிலோவுல 21 கிலோ, ஒரு சதவீதம் கூட இல்ல. அப்படின்னா அந்த டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அப்படியே ஓட்டச் சொல்லுங்க. மொத்தச் சேதாரம் ரெண்டு மூணு சதவீதத்துக்குள்ள நின்னா நல்ல அறுப்புதான். சதுர மீட்டருக்கு ஆயிரத்தத் தாண்டுதுன்னா, அதுவும் குண்டு ரகத்துல, ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை போயிட்டு இருக்குனு அர்த்தம், உடனே வண்டிய நிறுத்தணும்.

எண்ணுறப்பவே இன்னொண்ணும் பாத்துக்கங்க. வைக்கோல்ல நெல்லு கதிரோட ஒட்டிக்கிட்டே இருக்கா, இல்ல உதிரியா கெடக்கா? ஒட்டிக்கிட்டு இருந்தா டிரம், அதாவது உள்ள கதிர அடிச்சு நெல்ல உதிர்க்கிற உருளை, சரியா அடிக்கல. வேகம் பத்தல, இல்ல டிரம்முக்கும் கீழ் வலைக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி, இல்ல காலையில பனி காயறதுக்குள்ள எறங்கிட்டாங்க. உதிரியா நெறஞ்ச நெல்லு கெடந்தா டிரம் வேலைய முடிச்சிடுச்சு, ஆனா சல்லடையில எறங்க நேரம் கெடைக்கல. ஒண்ணு வண்டிய விரட்டுறாங்க, இல்ல காத்தாடி காத்து அதிகம், பதரோட சேத்து நல்ல நெல்லையும் ஊதித் தள்ளுது. டேங்க்ல ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்க, உள்ள அரிசி வெள்ளையா உரிஞ்சு கெடந்தாலோ நொறுங்கி இருந்தாலோ டிரம் ஓவரா சுத்துது. நெல்லுக்கு டிரம்மோட ஓரம் நொடிக்கு 16ல இருந்து 25 மீட்டர் வேகத்துக்குள்ள ஓடணும். 60 சென்டிமீட்டர் டிரம்முன்னா நிமிஷத்துக்கு 500ல இருந்து 800 சுத்து. கோதுமை அறுத்துட்டு அதே செட்டிங்ல நெல்லுக்கு வந்த வண்டின்னா கண்டிப்பா கேட்டுடுங்க, கோதுமைக்கு இத விட வேகமா வச்சு அடிப்பாங்க.

மணி வாடகை பேசினா வண்டி ஊர்ந்து போகுது, ஏக்கர் கணக்குல பேசினா பறக்குது. எதுல பேசுறது லாபம்?
— வாசகர், நீடாமங்கலம்

ரெண்டுலயும் உங்க பக்கம் ஓட்டை இருக்கு, எது சின்ன ஓட்டைனு பாக்கணும், அவ்ளோதான். என்னைக் கேட்டா மணி வாடகைதான், ஆனா வரப்புல குடை பிடிச்சுட்டு நிக்காம கூடவே நடக்கணும்.

முதல்ல ஒரு ஏக்கருக்கு நியாயமா எவ்ளோ நேரம் ஆகணும்னு தெரிஞ்சுக்கங்க. 2 மீட்டர் அகல வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர்ல போனா ஒரு மணி நேரத்துல 6,000 சதுர மீட்டர், அதாவது ஒண்ணரை ஏக்கர். ஆனா திரும்புறது, மூலையில முன்னும் பின்னும் எடுக்கிறது, டேங்க் நெறஞ்சா கொட்டப் போறதுன்னு முப்பது சதவீத நேரம் போயிடும். ஆக மணிக்கு ஒரு ஏக்கர், நம்ம கணக்குல மூணு மா. சின்னச் சின்ன துண்டு வயலுன்னா ஒண்ணேகால் மணி ஆகும், அதுக்கு டிரைவரத் திட்டக்கூடாது. பயிரு நல்லா நின்னு, வயலும் காஞ்சிருந்து ஒண்ணரை மணிக்கு மேல இழுத்தா அப்ப கேளுங்க. அதுலயும் டிராக்டர் டிரெய்லர தூரத்துல நிறுத்தி வச்சு, ஒவ்வொரு டேங்குக்கும் வண்டிய அங்க வரைக்கும் நடக்க விட்டா அது உங்க காசுல ஓடுற நேரம். களம் எந்தப் பக்கமோ அந்த வரப்போரமா தார்ப்பாய முன்னாடியே விரிச்சு வைங்க.

இப்ப வேகத்துக்கு வருவோம். 2025-26 சீசன்ல கொள்முதல் நிலையத்துல சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஏக்கருக்கு 2,400 கிலோ காணுற வயல்ல ஒரு சதவீதம் சேதாரம்னா 24 கிலோ, 600 ரூபாய். வாடகை மணிக்கு 2,400னு வச்சுக்குவோம், பத்து நிமிஷம் கூட ஓடுனா 400 ரூபாய். வேகத்தக் குறைச்சு ஏக்கருக்கு பத்து நிமிஷம் கூட எடுத்து, அதுல சேதாரம் நாலுல இருந்து ரெண்டுக்கு எறங்குனா 1,200 மிச்சம், 400 செலவு. பத்து நிமிஷம் கூட எடுத்தும் கால் சதவீதம்தான் குறையுதுன்னா அது வெட்டிச் செலவு, வேகமாவே ஓட்டட்டும். இத வீட்டுல உக்காந்து முடிவு பண்ண முடியாது, கயிறு சதுரத்த வச்சு முதல் அரை மணி நேரத்துல பாத்துடணும். ஏக்கர் கணக்குல பேசுனா டிரைவருக்கு பிரேக்கே கெடையாது, சல்லடை மேல வைக்கோல் மெத்த மாதிரி வந்து உக்காரும், நெல்லு அதுக்கு மேலயே சவாரி போயி வெளிய விழும்.

வாடகை விஷயத்துல, சீசனுக்கு சீசன் மாவட்ட நிர்வாகம் மிஷின்காரங்களையும் விவசாயிகளையும் கூப்பிட்டுப் பேசி ரேட்டு அறிவிக்கிறது உண்டு, அத தெரிஞ்சு வச்சுட்டு புரோக்கர்கிட்ட பேசுங்க. வேளாண் பொறியியல் துறை வண்டி வெளி ரேட்ட விட கம்மி, ஆனா வண்டி எண்ணிக்கையும் கம்மி, பயிரு பழுக்கிறதுக்கு முன்னாடியே உழவன் ஆப்புல பதிஞ்சு வச்சாத்தான் உண்டு. அறுப்பு நேரத்துல போயி கேட்டா "வரிசையில இருக்குங்க"னுதான் பதில் வரும்.

டயர் வண்டியா பெல்ட் வண்டியா? டயர் வண்டி வாடகை கம்மியா சொல்றாங்க.
— வாசகர், ஒரத்தநாடு

குதிகால் சொல்லும். வயல்ல எறங்கி நடங்க, குதிகால் பதிஞ்சு தண்ணி ஊறுச்சுன்னா பெல்ட் வண்டி. தரை இறுகி, செருப்புத் தடம் மட்டும் லேசா விழுந்தா டயர் வண்டி தாராளமா எறங்கலாம், 12 அடி 14 அடி கட்டர் பாரு (முன்னாடி பயிர அறுக்கிற பிளேடு வரிசை) இருக்கிறதால சீக்கிரமும் முடியும்.

காரணம் எடைதான். பெல்ட் வண்டி சுமார் மூணு டன், அந்த எடை ரெண்டு ரப்பர் பெல்ட்டுலயும் நீளமா பரவிடறதால சதுர சென்டிமீட்டருக்கு கால் கிலோ கூட அழுத்தாது, நம்ம கால் அழுத்துறத விட கம்மி. பெரிய டயர் வண்டி அத விட ரெண்டு மூணு மடங்கு எடை, அதுவும் நாலு எடத்துலயே நிக்குது. மாட்டிக்கிச்சுன்னா இழுக்க இன்னொரு வண்டி, அந்தப் பள்ளத்த சமன் பண்ண அடுத்த பருவத்துல ரோட்டவேட்டர் கூட ரெண்டு சால், வாடகையில மிச்சம் பண்ணுனது அங்க போயிடும். டயர் வண்டி பஞ்சாப் பக்கம் காஞ்ச கோதுமை வயலுக்குப் பழகுனது, ஐப்பசி மழையில ஊறுன குறுவை வயலுக்கு அத எறக்கணும்னு என்ன தலையெழுத்து.

எதுவா இருந்தாலும் அறுப்புக்கு ஒரு பத்து நாளு முன்னாடியே தண்ணிய வடிச்சுடுங்க. தண்ணி நின்ன வயல்ல பெல்ட் வண்டியே போனாலும் திரும்புற மூலையில சேத்தக் கொழப்பிடும், சேறு பிளேடுல ஏறும், நெல்லுல மண்ணு கலக்கும், கொள்முதல் நிலையத்துல அதுக்கு வேற பேச்சு கேக்கணும்.

மழையில சம்பா மொத்தமா சாஞ்சிடுச்சு அண்ணே. மிஷின்காரர் "டபுள் நேரம் ஆகும், சேதாரத்துக்கு நான் பொறுப்பில்ல"ங்கிறாரு. ஆளு வச்சு அறுக்கலாமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

ஆளு கெடைச்சா கேக்கவே வேணாம் தம்பி, ஆனா கெடைக்காதுனு உங்களுக்கே தெரியும். அவரு சொல்றதுல நேரம் ஆகும்ங்கிறது நெசம். சேதாரத்துக்கு பொறுப்பில்லங்கிறது முழு நெசம் இல்ல, அவரு கையில செய்யக்கூடியது நெறைய இருக்கு.

பயிரு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அதுக்கு எதிர்ப்பக்கமா, இல்ல குறுக்கால வண்டிய விடணும். சாஞ்ச திசையிலயே கூடவே போனா பிளேடு கதிருக்கு மேலயே வழுக்கிட்டுப் போகும், இல்ல கதிரு கழுத்துல அறுபட்டு முன்னாடியே கீழ விழும், அத எந்த சல்லடையும் காப்பாத்தாது. அதனால ஒரு பக்கம் அறுத்துட்டு திரும்ப சும்மா வந்து மறுபடி அதே பக்கமா அறுக்க வேண்டி வரும், டபுள் நேரம்ங்கிறது இங்கதான் வருது. ரீல கீழ எறக்கி கொஞ்சம் முன்னாடி தள்ளி, அதோட விரல பின்னாடி சாய்ச்சு வச்சா படுத்த பயிர அள்ளித் தூக்கும். ரீலு சுத்துற வேகம் வண்டி வேகத்த விட கொஞ்சம் ஜாஸ்தியா, ஒண்ணேகால் பங்கு இருந்தாப் போதும், அதுக்கு மேல சுத்துனா கதிர அடிச்சே உதிர்த்துடும். கட்டர் பாருல மாட்டுற கதிர் தூக்கி சில பேரு வச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. பாதி வயல் நின்னு பாதி சாஞ்சிருந்தா நிக்கிறத முதல்ல அறுத்துடுங்க, சாஞ்சத கடைசியா மெதுவா பாத்துக்கலாம்.

ஒரே ஒரு விஷயம், தண்ணியில கதிரு படுத்துக் கெடந்தா சேதாரக் கணக்கெல்லாம் பாக்காதீங்க. ஈரத்துல கெடக்குற நெல்லு ரெண்டு மூணு நாள்ல முளை கட்ட ஆரம்பிச்சுடும், கொள்முதல்ல சேதமானது, நிறம் மாறுனது, முளைச்சது, பூச்சி அரிச்சது எல்லாம் சேத்தே 5 சதவீதம்தான் அனுமதி. அஞ்சு மூட்டை வயல்ல விட்டாலும் பரவால்லன்னு சீக்கிரம் எடுத்துடறதுதான் புத்திசாலித்தனம்.

மிஷின்ல இருந்து எறக்கும்போது 50 சாக்கு, காய வச்சு அள்ளும்போது 47தான் இருக்கு. களத்துல யாரோ கை வச்சுட்டாங்கனு வீட்டுல சண்டை. இப்படி குறையுமா?
— வாசகி, குத்தாலம்

அம்மா, சண்டைய நிறுத்துங்க, போனது தண்ணி.

மிஷின் அறுப்புல நெல்லு 20ல இருந்து 24 சதவீத ஈரத்துலதான் டேங்குக்கு வரும், அந்த ஈரத்துல அறுக்கிறதுதான் நல்லதும் கூட, காய விட்டு அறுத்தா வயல்லயே கொட்டும், அரவையில நொய்யாவும் போகும். 40 கிலோ சாக்கு 50ன்னா 2,000 கிலோ. 22 சதவீத ஈரம்னு வச்சா அதுல காஞ்ச சரக்கு 1,560 கிலோ. 17 சதவீதத்துக்குக் காய வச்சா 1,560ஐ 0.83ஆல வகுங்க, 1,880 கிலோ. 47 சாக்கு. உங்க கணக்கு அச்சு அசலா பொருந்துது, நெல்லு கீழ சிந்துனது கூட இல்ல போல, கெட்டிக்காரக் குடும்பம்தான்.

கொள்முதல் நிலையத்துல அனுமதி 17 சதவீதம். மழை வருஷத்துல மத்திய அரசு 19, 20ன்னு தளர்த்துனது உண்டு, ஆனா அது அறுப்பு பாதி முடிஞ்சப்புறம்தான் பெரும்பாலும் வரும், அத நம்பி ஈர நெல்ல கொண்டு போயி கொட்டிட்டு வரிசையில காத்துக் கெடக்காதீங்க. ஈர நெல்ல சாக்குல கட்டி ராத்திரி வச்சாலே சூடேறிப் பழுப்பாயிடும், அன்னைக்கே மெல்லிசா பரப்பி மணிக்கு ஒரு தடவ காலால கோடு போட்டு கெளறி விடுங்க. பதர், தூசி மாதிரி கழிவு 1 சதவீதம், மண்ணு கல்லு 1 சதவீதம், கருக்காய் மாதிரி முதிராதது சுருங்குனது 3 சதவீதம் வரைக்கும்தான். டேங்க் நெல்லுல பதர் ஜாஸ்தி வந்தா காத்தாடிய கொஞ்சம் கூட்டச் சொல்லணும், கூட்டுனதும் பின்னாடி போயி நல்ல நெல்லு பறக்குதானு பாக்கணும். இது ரெண்டும் தராசுத் தட்டு மாதிரி, ஒண்ண எறக்குனா இன்னொண்ணு ஏறும்.

மிஷின்ல அறுத்த நெல்ல அடுத்த பருவத்துக்கு விதையா வைக்கலாமா?
— வாசகர், சீர்காழி

வைக்கலாம், ஆனா முதல் டேங்க் நெல்ல வைக்காதீங்க. அந்த வண்டி நேத்து எவனோ வயல்ல வேற ரகம் அறுத்திருக்கும். எலிவேட்டர், ஆகர், சல்லடை மூலை, டேங்க் அடி இங்கெல்லாம் கிலோ கணக்குல பழைய நெல்லு ஒட்டிட்டு இருக்கும், கூடவே களை விதையும். அடிமூடியத் திறந்து விட்டு வண்டிய பத்து நிமிஷம் வெறும ஓட விட்டு, அப்புறம் விதைக்கு வேணாத வயல்ல கொஞ்சம் அறுத்துக் கழுவிட்டு, அதுக்கப்புறம் விதை வயல்ல எறக்கணும். பிபிடி வயலுக்குள்ள திடீர்னு குண்டு நெல்லு தலை தூக்கி நிக்குதே எங்கிருந்து வந்துச்சுனு பாதிப் பேரு விதைக் கடைக்காரர சந்தேகப்படறாங்க, நெறைய நேரம் வந்த வழி இதுதான்.

டிரம் வேகத்த விதைக்குன்னு சொல்லி குறைக்கச் சொல்லுங்க. நெல்லு முழுசா உரியலன்னாலும் உள்ள முளைக்கரு அடிபட்டிருந்தா வெளிய தெரியாது, நாத்தங்கால்லதான் தெரியும். 13 சதவீதத்துக்குக் காய வச்சு எடுத்துட்டு, விதைக்கிறதுக்கு முன்னாடி 100 நெல்ல ஈரச் சாக்குல சுத்தி வச்சுப் பாருங்க, 80க்குக் கீழ முளைச்சா சாப்பாட்டுக்கு வச்சுட்டு வேற விதை வாங்குங்க. நாலஞ்சு மா அளவுக்கு விதை போதும்னா, அந்த மூலைய மட்டும் கையால அறுத்து அடிச்சுக்கறது எல்லாத்த விடவும் நிம்மதி.

முன்னெல்லாம் நெல்லு நிக்கும்போதே உளுந்து தெளிச்சுட்டு ஆள் வச்சு அறுப்போம். இப்ப மிஷின் வந்து முளைச்ச உளுந்த எல்லாம் நசுக்கிடுது. என்ன பண்றது?
— வாசகர், திருவாரூர்

இது டெல்டாவோட உண்மையான பிரச்சனை, மிஷின் வந்தப்புறம் உளுந்து பரப்பு கொறஞ்ச ஊரு நானே பாத்திருக்கேன். ஆள் அறுப்புல ஒரு வாரம் பத்து நாளு முன்னாடி தெளிச்சா, அறுக்கும்போது ரெண்டு இலை விட்டு நிக்கும், காலடி பட்டாலும் தப்பிச்சுக்கும். மிஷினுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது, முளைச்ச குருத்து மேல பெல்ட் ஏறுனா அவ்ளோதான். அதனால வண்டி எறங்கப் போற அன்னைக்கு, அறுப்புக்கு சற்று முன்னாடி தெளிங்க. விதை முளைக்காம இருக்கிறதால பெல்ட் ஏறுனாலும் மண்ணுக்குள்ள அமுங்குமே தவிர சாகாது, சில எடத்துல நல்லா பதிஞ்சு முளைக்கிறதும் உண்டு. எப்படியும் கொஞ்சம் போகும், ஏக்கருக்கு வழக்கத்த விட ரெண்டு மூணு கிலோ விதை கூடப் போட்டுடுங்க. ஆடுதுறை 3 மாதிரி நெல் தரிசுக்குனே (நெல்லு அறுத்த வயல்ல உழாம தெளிக்கிறதுக்குனே) உள்ள ரகமா பாத்துக்கங்க.

சிக்கல் ஈரம்தான். உளுந்து முளைக்க மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கணும், வண்டி எறங்க தரை இறுகி இருக்கணும், ரெண்டும் ஒரே நாள்ல அமையறது சாமி குடுக்கிற வரம். ரொம்ப ஈரத்துல எறக்குனா பெல்ட் தடத்துல தண்ணி நின்னு விதை அழுகும். அது மட்டுமில்ல, வைக்கோல் வரிசையா விழுந்த எடத்துல அடியில ஒண்ணும் முளைக்காது, வயல் பூரா சொட்டை சொட்டையா இருக்கும், ரெண்டு நாளுக்குள்ள வைக்கோல அள்ளிடுங்க இல்ல உதறிப் பரப்பி விட்டுடுங்க. தை பாதியில ஆரம்பிச்சு மாசி பொறக்கிறதுக்குள்ள தெளிப்பு முடிஞ்சுடணும், அதுக்கு மேல போனா பனி ஈரம் கெடைக்காது. பூக்கிற நேரத்துல ஒண்ணு, அதுல இருந்து பதினஞ்சு நாள் கழிச்சு ஒண்ணு, 2 சதவீத டிஏபி உரக் கரைசல் அடிக்க மறந்துடாதீங்க. தரிசு உளுந்துக்கு அடியுரம் போட வழியே இல்லாததால அந்த ரெண்டு தெளிப்புலதான் காய் பிடிக்கிறது இருக்கு.

மிஷின் வைக்கோல மாடு திங்க மாட்டேங்குது.
— வாசகர், பேராவூரணி

பெல்ட் வண்டியில வைக்கோல் டிரம்மோடயே சுத்திச் சுத்தி வர்றதால கசங்கி துண்டு துண்டாயிடும், சேத்துல விழுந்தா மண்ணு வாடை வேற. தரை காஞ்ச வயல்ல, மதியத்துக்கு மேல அறுத்தத, மறுநாளே பேலர் விட்டு உருளையா கட்டிடுங்க, அது திங்கும். மாடு நெறைய வச்சிருந்தா பிளேட தாழ எறக்கச் சொல்லி நீளத் தாளா எடுங்க. மாடு இல்லன்னா ஒரு அடி உசரத்துல அறுக்கச் சொல்லுங்க, உள்ள போற வைக்கோல் கொறைஞ்சா வண்டியும் வேகமா போகும், பின்னாடி போற நெல்லும் குறையும்.

சொந்தமா பெல்ட் வண்டி வாங்கலாம்னு இருக்கோம். எந்த கம்பெனி நல்லது? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?
— நாலு நண்பர்கள், பாபநாசம்

கம்பெனி பேரு கேட்டா நான் சொல்ல மாட்டேன். குபோட்டா, கிளாஸ், யான்மார் எல்லாமே நம்ம சேத்துல ஓடிட்டுத்தான் இருக்கு, ஒரே கம்பெனி வண்டியில ஒரு டிரைவர் கையில அரை மூட்டை போகும், இன்னொருத்தர் கையில மூணு மூட்டை போகும். உங்க ஊருல இருந்து எத்தன கிலோமீட்டர்ல பெல்ட்டும் பிளேடும் கெடைக்குது, ஞாயித்துக்கெழமை போன் பண்ணா மெக்கானிக் வர்றாரா, அத வச்சு முடிவு பண்ணுங்க. அறுப்பு சீசன்ல ரெண்டு நாள் வண்டி நின்னா போன காசு திரும்பாது.

குறுவைக்கும் சம்பாவுக்கும் மட்டும் நம்பி கடன் வாங்காதீங்க. சேலம், நாமக்கல் பக்கத்து வண்டிக்காரங்க நம்ம டெல்டா முடிஞ்சதும் பாலக்காடு, குட்டநாடு, ஆந்திரான்னு வண்டிய லாரியில ஏத்திட்டுப் போயிட்டே இருக்காங்க, அதனாலதான் அவங்களுக்குக் கட்டுது. நீங்க நாலு பேருல யாரு மாசக்கணக்குல வெளியூருல வண்டியோட கெடப்பீங்கனு முதல்ல பேசி முடிங்க. வேளாண் பொறியியல் துறையில மானியம் இருக்கு, பொதுவா 40 சதவீதம், சிறு குறு விவசாயி, பெண்கள், பட்டியலினத்தவருக்கு 50 வரைக்கும், உச்ச வரம்பு உண்டு. பழைய வண்டின்னா மணி மீட்டர மட்டும் நம்பாம பெல்ட் உள்பக்கப் பல்லு, டிரம் முள்ளு தேய்மானம், எலிவேட்டர் செயின், டேங்க் அடித்தகடு துரு இதெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க, அப்புறம் யாரோட வயல்லயாவது அரை மணி ஓட விட்டு மேல சொன்ன கயிறு சதுரத்தப் போடுங்க.

ஒரு விஷயம் கேக்காமலே சொல்றேன். ஈர வைக்கோல் சுத்தி அடைச்சுக்கிட்டா, இன்ஜின் ஓடும்போதே கைய விட்டு இழுக்கிற டிரைவர் இருக்காங்க. சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டுட்டுத்தான் கட்டர் பாரு பக்கமே போகணும்னு முதல் நாளே சட்டம் போட்டுடுங்க.

நெல்லு அறுக்கிற மிஷின்லயே மக்காச்சோளம் அறுக்கலாமா?
— வாசகர், பெரம்பலூர்

உடம்பு அதேதான், முகத்த மாத்தணும். நெல்லு கட்டர் பாரு தட்டைய அடியோட அறுத்து மொத்தத்தையும் உள்ள தள்ளும், கருதும் முன்னாடியே தெறிச்சு விழும். மக்காச்சோளத்துக்கு தனி ஹெட்டர் இருக்கு, உருளை தட்டைய கீழ இழுக்கும், கருத மட்டும் பிச்சு மேல அனுப்பும். அதுக்கு வரிசை இடைவெளியும் ஹெட்டரும் ஒத்துப் போகணும், கண்டபடி நட்ட காட்டுல பாதி கருத மிதிச்சுட்டுப் போகும், அதனால மிஷின் அறுப்புனு முடிவு பண்ணா நடும்போதே புரோக்கர்கிட்ட ஹெட்டர் எத்தன அங்குல வரிசைக்குனு கேட்டு வச்சுக்கங்க. டிரம் வேகம் நெல்ல விட குறையணும், கீழ் வலை இடைவெளிய நல்லா அகலமா வைக்கணும், சல்லடையும் பெரிய கண்ணுக்கு மாத்தணும். டேங்க்ல உடைஞ்ச மணி நெறைய வந்தா ஒண்ணு டிரம் வேகம், இல்ல மணியில இன்னும் ஈரம் இருக்கு, ஒரு வாரம் காட்டுலயே காய விடுங்க.